ஆறுதலா வந்தாக் காணும்

எங்கள் பள்ளிக்கூடத்தில் மாதம் தவறாமல் நடந்த ஒரே காரியம், யாரும் கேட்க வராத அறிக்கையை வாசிப்பதுதான். ஜப்பான்காரன் வந்த பிறகு கடிகாரம் மாறியது, காலைப் பாட்டு மாறியது, பிள்ளைகள் குனிந்து வணங்கும் திசைகூட மாறியது. இது மட்டும் மாறவில்லை. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைமை ஆசிரியர் வெளுத்துத் தேய்த்த வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு முற்றத்துக்கு வருவார். அங்கே பெஞ்சுகளில் நான் ஒருத்தி, நடு வகுப்பு வாத்தியார் ஒருவர், மிஞ்சிப்போனால் வேறு வேலையாக வந்து மாட்டிக்கொண்ட தகப்பன் ஒருவர். எங்களைப் பார்த்து அவர், "பெரியோர்களே, தாய்மார்களே" என்று தொடங்குவார். தாய்மார்கள் என்றால் நான்தான். எனக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். துறைமுக அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பழைய தலைமை ஆசிரியர் போருக்கு முன்பே இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டதால், ஜெலுத்தோங்கில் இருந்த அந்தச் சின்னத் தமிழ்ப் பள்ளிக்கூடம் கேட்பாரில்லாமல் கிடந்தது. இவர் தானாக வந்து பொறுப்பெடுத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளில் மனைவியோடு குடியேறினார். நானோ துறைமுகத்தில் மூட்டை தூக்குபவரின் மகள். ஏழாம் வகுப்பு முடித்துவிட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். என்னை அவர் 'ரீச்சர்' என்று கூப்பிடுவார். பிள்ளைகளும் அதைப் பிடித்துக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் 'ரீச்சர், ரீச்சர்' என்று பாடாய்ப் படுத்தும்.

கல்வி அலுவலகத்துக்கு மாதாமாதம் பள்ளிக்கூடத்து நிலவரம் எழுதி அனுப்பவேண்டும் என்பது புது அரசாங்கத்தின் உத்தரவு. அனுப்பினால் முடிந்தது. ஆனால் இவருக்கு அது போதாது.

"சார், இதை எதுக்கு இங்க வேற படிக்கிறீங்க? யாரு வர்றா?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ரீச்சர், பிள்ளையள் ஆற்றை பிள்ளையள்? கந்தோரிலை இருக்கிறவன்ரை பிள்ளையளே? தாய் தேப்பனுக்குச் சொல்லாததை அவனுக்கு மட்டும் சொல்லுறது என்ன ஞாயம்?" என்றார். கந்தோர் என்றால் அலுவலகம். அது விளங்கவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

அறிக்கையில் மூன்று பகுதி இருக்கும். முதலில் படிப்பு. அதில் அவர் எதையும் மறைக்க மாட்டார். 'கீழ் வகுப்புப் பிள்ளைகள் ஜப்பானிய எண்களை இரண்டு வரையில் ஒழுங்காகச் சொல்கிறார்கள். அதற்கு மேல் சிரிக்கிறார்கள்' என்று ஒருமுறை வாசித்தார். உள்ளதுதான். ஜப்பானிய மொழியில் இரண்டுக்கு 'நீ', நாலுக்கு 'சீ'. ஒரு பிள்ளை பக்கத்துப் பிள்ளையைக் காட்டி 'நீ' என்று சொல்லி, மூன்றைத் தாண்டி 'சீ' என்று முகத்தைச் சுளிக்கும். பிறகு வகுப்பை அடக்க யாரால் முடியும்? நானே சிரித்துவிடுவேன்.

இரண்டாவது வரவு செலவு. பந்தடிக்கிற திடல் முழுக்க மரவள்ளி நட்டிருந்தோம். அதில் பிடுங்கிய கிழங்கு எவ்வளவு, மத்தியானக் கஞ்சிக்குப் போனது எவ்வளவு, தேங்காய் யார் கொடுத்தது, சுண்ணாம்புக் கட்டி தீர்ந்து அடுப்புக்கரியால் எழுதியது எத்தனை வாரம், எல்லாம் வரும். மூன்றாவது வட்டாரச் செய்தி. யார் வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது, யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, யாரிடம் கீரை விதை மிச்சம் இருக்கிறது, யாருக்குக் காய்ச்சல் மாத்திரை தேவை. ஊர் அவரிடம் பேசாது என்பதால் அந்தச் செய்திகளை நான்தான் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுப்பேன். அவர் அதைத் திருத்தமான தமிழில் எழுதி, அந்த ஊருக்கே வாசிப்பார். கேட்கத்தான் ஊர் இராது.

ஊரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பேசுவதில் பாதி எங்கள் ஆட்களுக்கு விளங்காது. அதைவிடப் பெரிய காரணம் லாரி. நாலு ஆம்பிளைகள் ஒரு இடத்தில் கூடினால் லாரி வந்து நிற்கும், ஏற்றிக்கொண்டு சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோய்விடுவார்கள் என்று எல்லாருக்கும் பயம். படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டுக் கதவைச் சாத்திப் பிடித்துப் போனதாகவும் கேள்வி. கூட்டம் என்ற சொல்லுக்கே ஆள் ஓடும் காலத்தில், மரவள்ளிக் கணக்குக் கேட்க எந்த மனிதன் வருவான்?

அவருடைய மகனும் சயாமுக்குப் போனவர்தான். பெரிய ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்டுகிற டிரெசராக இருந்தார். கூலியாட்களுக்கு மருந்து போடுவதற்கென்று ஒரு கூட்டத்தோடு சேர்த்து அனுப்பிவிட்டார்கள். போனவரிடமிருந்து ஒரு வரி வரவில்லை. இது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அதே ரயிலில் எங்கள் ஆட்களும் போனார்கள் அல்லவா. ஆனால் அவர் வாய் திறந்து சொன்னதில்லை. அவர் சொல்லாததால் நாங்களும் கேட்டதில்லை. அவருடைய மனைவி, நாங்கள் 'அம்மா' என்போம், முற்றத்துப் பக்கமே வர மாட்டார். பின்வாசலில் கிழங்கு நறுக்கிக்கொண்டு, தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் தலையைத் தூக்கிப் பார்ப்பார்.

இப்படி இருக்கும்போதுதான் பள்ளிக்கூடத்துக்கே ஆபத்து வந்தது. கல்வி அலுவலகத்து ஜப்பானிய அதிகாரி ஒருநாள் கூடவே ஒரு சீன மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தார். சாமான் அடுக்கிவைக்கக் கிடங்குக்கு இடம் தேடுகிறார்களாம். பிள்ளைகளை ஆயர் ஈத்தாம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்ளலாமாம். ஓடுகிற பஸ்ஸைக் கண்ணால் காண முடியாத காலம். அந்தப் பிஞ்சுகள் அவ்வளவு தூரம் நடக்குமா? ஒன்றுகூடப் போகாது, மத்தியானம் ஊற்றுகிற கஞ்சியும் போய்விடும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பாதிப் பிள்ளைகளுக்கு அதுதான் அன்றைய சாப்பாடு.

தலைமை ஆசிரியர் மன்றாடிப் பார்த்தார். "இது சனத்தின்ரை பள்ளிக்கூடம்" என்பதை மலாயில் தட்டுத்தடுமாறிச் சொன்னார். மாதாமாதம் பெற்றோரைக் கூட்டி நிலவரம் சொல்வதையும் சொன்னார். யாரும் வருவதில்லை என்பதை நல்லவேளையாக அவருக்கு மலாயில் சொல்லத் தெரியவில்லை. அதிகாரி யோசித்துவிட்டு ஏதோ சொன்னார். வருகிற ஞாயிற்றுக்கிழமை நானே வந்து அந்தக் கூட்டத்தைப் பார்க்கிறேன், சனங்களுக்கு வேண்டிய பள்ளிக்கூடம் என்றால் இருக்கட்டும், ஆள் இல்லையென்றால் கிடங்குதான் என்று மொழிபெயர்ப்பாளர் விளக்கினார்.

அவர்கள் போன பிறகு காலியான பெஞ்சுகளைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கோபமும் சேர்ந்து வரும்.

"இப்ப என்னா சார் பண்றது? வீடு வீடாப் போய் இழுத்துக்கிட்டா வர முடியும்?"

"பிள்ளையளிட்டைச் சொல்லி அனுப்புவம் ரீச்சர்" என்றார்.

எழுதி அனுப்பக் காகிதம் ஏது? வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையில் நிற்கவைத்தார். இடையில் கடிகார விஷயத்தைச் சொல்லவேண்டும். அப்போது எங்கள் கடிகாரங்கள் தோக்கியோ நேரத்தைக் காட்டின. கடிகாரத்தில் எட்டு மணி என்றால் வெளியே இன்னும் விடிந்திருக்காது. கூட்டத்துக்கு ஒன்பது மணி என்று சொன்னால் சனங்கள் பயந்துபோய் இருட்டிலேயே எழுந்து ஓடி வருவார்களே என்று அவருக்குக் கரிசனம். அதனால் பிள்ளைகளிடம் இப்படிச் சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமை காலமை அப்பா அம்மாவைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லுங்கோ. விடிய முன்னம் ஓடி வரத் தேவையில்லை. ஆறுதலா வந்தாக் காணும். விளங்கிச்சுதோ?"

"விளங்கிச்சு சார்!" என்று பிள்ளைகள் ஒரே குரலில் கத்திவிட்டு ஓடின. நானும் பக்கத்தில்தான் நின்றேன். யார் வருவார்கள், யார் வர மாட்டார்கள் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேனே தவிர, அவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் சீக்கிரமாகவே போய்ப் பெஞ்சுகளைத் துடைத்தேன். எவ்வளவு நெருக்கிப் போட்டால் கூட்டம் நிறைந்ததுபோல் தெரியும் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். தலைமை ஆசிரியர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றார். வெயில் ஏறத் தொடங்கியது.

அப்போது தெருக்கோடியில் ஆட்கள் வருவது தெரிந்தது. ஒருவர் இருவர் இல்லை, கும்பலாக வந்தார்கள். துறைமுகத்து ஆட்கள், தெருக் கூட்டுகிறவர்கள், அவர்கள் பெண்சாதிகள், கைக்குழந்தைக்காரிகள். சந்தோஷத்தில் எனக்குக் கை கால் ஓடவில்லை. கிட்டே வந்த பிறகுதான் கவனித்தேன். ஆம்பிளைகள் வேட்டி கட்டி, துண்டை இடுப்பில் சுற்றியிருந்தார்கள். பெண்கள் தலையைச் சீவாமல் வந்திருந்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வந்தவர்கள் தலைமை ஆசிரியருக்கு முன்னால் ஒவ்வொருவராக வந்து, இரண்டு கையையும் நீட்டி அவர் கையைத் தொட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்தார்கள். அவரோ, 'வாங்கோ, வாங்கோ, நல்ல சந்தோஷம்' என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாவம், மனுஷன் கலங்கிட்டாரு. என்ன பேசுறோம்னே தெரியல" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

பெண்கள் முற்றத்தில் நிற்கவில்லை. நேரே பின்பக்கம் போனார்கள். முன்னால் போனவர் கடலைக்கார அக்கா. முன்பு பள்ளிக்கூட வாசலில் கடலை விற்றவர். கடலையே கண்ணில் படாத காலத்திலும் அந்தப் பேர் மட்டும் மிஞ்சியிருந்தது. சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்பதால் கிழங்கை அவித்துத் தேங்காய் துருவிப் போட்டு, சட்டியோடு தூக்கிக்கொண்டு வந்திருந்தார். பின்வாசலில் இருந்த அம்மாவைக் கண்டதும் சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "எங்க அய்யா காலுக்கு மருந்து போட்ட கையாச்சே! ராசா மாதிரிப் புள்ளயாச்சே!" என்று குரலெடுத்து அழத் தொடங்கிவிட்டார். மற்றப் பெண்களும் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது கடலைக்கார அக்கா அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவின் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னாலா இது, அடுப்பு எரியுது?" என்றார். அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

அம்மா அதற்குள் எழுந்துவிட்டார். அந்த முகத்தை நான் இன்றைக்கும் நினைக்க விரும்புவதில்லை. கையில் அகப்பையோடு, ஒருநாளும் வராத முற்றத்துக்கு வந்து, அத்தனை பேருக்கும் நடுவில் கணவர் முன்னால் நின்றார்.

"உங்களுக்கு எப்ப செய்தி வந்தது?"

"என்ன செய்தி?"

"ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டு என்னட்டை மட்டும் மறைச்சனீங்களே? நான் பெத்தவள் இல்லையே?"

"எனக்கு ஒண்டும் வரேல்லை. சத்தியமா ஒண்டும் வரேல்லை."

"அப்ப இவை ஏன் வந்தவை?"

அவர் கூட்டத்தைப் பார்த்தார். அப்போதுதான் வந்தவர்களின் முகம் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். பொய்யே சொல்லாத மனிதரை, அவர் பெண்சாதியே நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "யாரு இந்தப் புரளியைக் கெளப்புனது?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினேன்.

"என்ன டீச்சர் இப்படிக் கேக்குறீங்க? நீங்கதானே புள்ளைங்ககிட்டச் சொல்லி அனுப்புனீங்க" என்றார் ஒரு தகப்பன். அவர் பக்கத்தில் நின்ற, என் வகுப்புப் பெண்பிள்ளை ஒன்று முன்னால் வந்து, பாடம் ஒப்பிக்கிற மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு சொன்னது: "பெரிய சார்தான் சொன்னாரு டீச்சர். ஆறுதலுக்கு வரணும், காணோம்னு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"சார், அன்னைக்கு என்ன சொன்னீங்க? அப்படியே திருப்பிச் சொல்லுங்க."

"ஆறுதலா வந்தாக் காணும் எண்டு சொன்னனான்."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"அவசரப்படாமல் மெல்லமா வந்தால் போதும் எண்டுதான். வேறை என்ன அர்த்தம்?"

பிறகு துறைமுகத்து ஆள் ஒருவர், "அப்ப போதும்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே சார்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். எங்களுக்கு ஆறுதல் என்றால் துக்க வீட்டில் சொல்வது. காணும் என்பது பிள்ளைகள் காதில் காணோம் என்று விழுந்திருக்கிறது. யாருடைய மகனைக் காணோம் என்று எந்த வீட்டிலும் விளக்க வேண்டியிருக்கவில்லை. லாரிக்குப் பயந்து தெருவில் தலை காட்டாத ஆம்பிளைகள், மரவள்ளிக் கணக்குக்கு வராதவர்கள், அந்த டிரெசர் பையனுக்காக வெள்ளை வேட்டியோடு பட்டப்பகலில் வந்து நின்றிருக்கிறார்கள்.

அம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப பிள்ளைக்கு ஒண்டும் இல்லையே?" என்று என்னிடம் கேட்டார். அதற்கு எனக்கு மட்டும் பதில் தெரியுமா? கடலைக்கார அக்காதான் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் கையைப் பிடித்தார். "ஒண்ணும் ஆகலம்மா. உசுரோட இருக்கிறவனுக்கு அழுதா ஆயுசு கெட்டிம்மா. நாங்க இவ்வளவு பேரு அழுதிருக்கோம், பாத்துக்கங்க" என்றார். அம்மா அழுதார். அக்காவும் அழுதார். அக்காவின் வீட்டுக்காரரும் அதே ரயிலில் போனவர். அவருக்காக அக்கா அதுவரை வாய்விட்டு அழுததில்லை. செய்தி வராமல் அழுவது அபசகுனம் என்று அடக்கிக்கொண்டிருந்தார்.

வண்டிச் சத்தம் கேட்டது. லாரியோ என்று ஆம்பிளைகள் வேலிப் பக்கம் நகரத் தொடங்கிவிட்டார்கள். லாரி இல்லை, அதிகாரியின் கார். நான் அவசர அவசரமாக விஷயத்தைச் சொன்னேன். கூட்டம் இருந்தால் பள்ளிக்கூடம் இருக்கும், இல்லாவிட்டால் கிடங்கு என்றேன். சொல்லிவிட்டு அவர்களைப் பார்த்தேன். துக்கம் விசாரிக்க வந்தவர்கள். துக்கம்தான் இல்லையென்று ஆகிவிட்டதே, போய்விட்டால் யார் என்ன சொல்ல முடியும்?

"உக்காருங்கலா எல்லாரும்" என்றார் கடலைக்கார அக்கா. "வந்தது வந்துட்டோம். சார் என்னதான் படிக்கிறாருன்னு கேப்போமே."

முதலில் பெண்கள் உட்கார்ந்தார்கள். வேலி வரைக்கும் போன ஆம்பிளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து பெஞ்சுக்குப் பின்னால் நின்றார்கள். அவர்கள் மேல் அன்று எனக்கு வந்த பாசத்தைச் சொல்லி முடியாது.

அதிகாரி உள்ளே வந்து கூட்டத்தைப் பார்த்து நின்றுவிட்டார். அத்தனை வெள்ளை வேட்டி, அத்தனை சிவந்த கண். மொழிபெயர்ப்பாளர் தலைமை ஆசிரியரிடம், இவர்கள் ஏன் அழுகிறார்கள் என்று மலாயில் கேட்டார். சயாமில் சாவு என்று வாய் திறந்தாலே பிடித்துக்கொண்டு போகிற காலம். இவரோ உள்ளதை உள்ளபடி சொல்லுகிற பிறவி. அவர் உதடு அசைவதைப் பார்த்ததும் நான் இடையில் புகுந்தேன்.

"அனாக் பாண்டாய், இபு சுக்கா ஹாத்தி!" என்றேன். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், தாய்மாருக்கு மனம் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். மொழிபெயர்ப்பாளர் என்னையும், அழுத முகங்களையும், சட்டியில் இருந்த கிழங்கையும் பார்த்தார். அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் சொன்னதையே ஜப்பானிய மொழியில் சொன்னார்.

அறிக்கை தொடங்கியது. தலைமை ஆசிரியர் தமிழில் வாசிக்க, நான் அதைச் சந்தையில் பேசுகிற பாசார் மலாயில் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் ஜப்பானிய மொழியில் சொல்வார். 'ஜப்பானிய எண்களில் பிள்ளைகள் இந்த மாதமும் முன்னேறவில்லை' என்று தலைமை ஆசிரியர் குண்டைத் தூக்கிப் போட்டார். பிள்ளைகள் எண்ணுவதில் மிகுந்த மகிழ்ச்சி காட்டுகிறார்கள் என்று நான் சொன்னேன். அதுவும் பொய்யில்லை. வரவு செலவு வந்தபோது அவர் காகிதத்தில் இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். "இண்டைக்குக் காலமை பெற்றோர் கொண்டுவந்த அவிச்ச கிழங்கு ஒரு சட்டி, வரவு" என்றார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

அதிகாரி அதற்கு மேல் நிற்கவில்லை. மரவள்ளித் திடலைக் கையால் காட்டி ஏதோ சொல்லிவிட்டு வண்டிக்குப் போனார். மொழிபெயர்ப்பாளர் பின்தங்கி, "இந்த இடம் வேண்டாமாம். கிடங்குக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டார்" என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு ஓடினார். நான் அதை உரக்கச் சொன்னேன். கைதட்டல் ஒன்றும் எழவில்லை. எல்லாரும் ஒரு பெருமூச்சு விட்டார்கள், அவ்வளவுதான். கார்ச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

இனி எழுந்து போகலாம். பள்ளிக்கூடம் பிழைத்துவிட்டது. ஆனால் ஒருவரும் எழவில்லை. தலைமை ஆசிரியரும் வாசிப்பதை நிறுத்தவில்லை. "மூன்றாவது, வட்டாரச் செய்தி" என்று அடுத்த காகிதத்தை எடுத்தார். மூன்றாவது லயத்து வரிசை வீட்டில் ஆண் குழந்தை, தாயும் சேயும் நலம் என்றார். அந்தத் தகப்பன் அங்கேயே இருந்தார், வெட்கத்தோடு தலையைச் சொறிந்தார். கூரைக்கு அத்தாப்பு ஓலை தேவைப்படுகிற வீட்டைச் சொன்னார். பின்னால் நின்ற இருவர், "நாங்க பாத்துக்குறோம் சார்" என்றார்கள். வாசித்த செய்திக்கு ஊர் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

செய்தி முடிந்தது. அவர் காகிதத்தை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சொல்லவில்லை. கொடிக்கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அறிக்கை வாசிக்கிற அதே குரலில் சொன்னார்:

"இந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியரின் மகன் சயாமுக்குப் போனவர். அவரைப் பற்றிச் செய்தி இல்லை."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. எங்களிடம் அதை அவர் சொன்னது அன்றுதான். பெஞ்சில் இருந்த பெண்கள் மறுபடியும் முந்தானையை எடுத்தார்கள்.

அப்போது முன்வரிசையில், கடலைக்கார அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து நின்றார்.

"அது பிழை" என்றார்.

அவருடைய அறிக்கையில் பிழை என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"செய்தி இல்லை எண்டு வாசிக்காதேங்கோ. இன்னும் வரேல்லை எண்டு வாசியுங்கோ."

அவர் பையிலிருந்து காகிதத்தை எடுத்து விரித்தார். அந்த வரி அதில் எழுதியிருக்கவே இல்லை. இருந்தாலும் அதைப் பார்த்துக்கொண்டே திருத்தி வாசித்தார்: "அவரைப் பற்றிச் செய்தி இன்னும் வரவில்லை." அம்மா உட்கார்ந்தார். பிறகு கடலைக்கார அக்கா எழுந்து, "எங்க வீட்டுக்காரரையும் அதுல சேத்துக்கங்க சார்" என்றார். அவருக்குப் பின்னால் இன்னொருத்தி எழுந்தாள்.

போர் முடிந்து சயாமிலிருந்து சிலர் திரும்பி வந்தார்கள். எலும்பும் தோலுமாக வந்தார்கள். அவர்களில் கடலைக்கார அக்காவின் வீட்டுக்காரர் ஒருவர். டிரெசர் பையனை எந்த முகாமில் கடைசியாகப் பார்த்தோம் என்று சொல்ல அவர்கள் யாருக்கும் தெரியவில்லை. நான் கல்யாணமாகிப் பாலிக் புலாவுக்குப் போகிற வரையில் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அறிக்கைக்குப் பெஞ்சு போதாமல் ஆட்கள் நின்றுகொண்டு கேட்பார்கள். ஆள் திரும்பி வந்தோ, இறந்த செய்தி வந்தோ வட்டாரச் செய்தியில் மற்றப் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கழிந்து, கடைசியில் ஒரு வரிதான் மிஞ்சியது. மாதாமாதம் அதைத் தலைமை ஆசிரியர் வாசிப்பார். முன்வரிசையில் அம்மா உட்கார்ந்திருப்பார். 'இன்னும்' என்று அவர் சொல்லி முடிக்கிற வரையில் ஊரே அசையாமல் இருக்கும்.